பக்கவாதமும் பேச்சும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் பயிற்றும் பள்ளியாசிரியனாகிய யான் மருத்துவப் பொருள் பேசப் புகுந்தமை உங்கட்கு வியப்பைத் தரலாம். காரியதரிசி அவர்கள் இலக்கியப் பொருள் ஒன்றனையே பேசுமாறு பணித்தார்கள். ஆயினும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பக்கவாதம் புகுந்திருத்தலையும், அதனை எதிர்கொள்ளுங்கால் நாம் இரு பெரும் பிழைகள் செய்தலையும் கண்டமையின், அவர்கள் இசைவு பெற்று இதனைப் பேசத் துணிந்தேன். அவ்விரு பிழைகளையும் எம் இல்லத்தார் செய்தோம். யானும் உடனிருந்து செய்தேன்.

எம் பெரிய தந்தையார் ஒரு நாள் விடியற்காலையில் பல் துலக்கச் சென்றவர் வலக்கையிலிருந்த செம்பை நழுவ விட்டார். வாய் ஒருபுறம் கோணிற்று. 'என்ன செய்கிறது?' என்று பெரியம்மை வினவ, அவர் சொல்லியது ஒருவருக்கும் விளங்கவில்லை. பித்தம் என்றார் ஒருவர். சற்றே படுத்தெழுந்தால் சரியாகும் என்றார் மற்றொருவர். சுக்குக் கஷாயம் கொடுத்தோம். அது கடைவாயில் வழிந்தது. இராகுகாலம் கழியட்டும் என்று சொன்னவன் யானே. மருத்துவமனை சேரும்போது நண்பகல் கடந்துவிட்டது. அங்கிருந்த மருத்துவர் முதலிற் கேட்டது, 'எத்தனை மணிக்குத் தொடங்கிற்று?' என்பதே. விடை கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். அப்பேசாமையின் பொருள் எனக்குப் பின்னரே விளங்கிற்று.

மூளையின் எடை உடலின் எடையில் ஏறக்குறைய 50-இல் ஒரு பங்கே. உடல் கொள்ளும் பிராணவாயுவிலோ 5-இல் ஒரு பங்கை அதுவே கொள்கின்றது. இவ்வளவு உண்டும் நாளைக்கென்று ஒன்றும் சேர்த்து வையாத உறுப்பு அது. கழுத்தின் முற்புறம் இரண்டும் பிற்புறம் இரண்டுமாக நான்கு குழாய்கள் அதற்கு இரத்தம் கொண்டு செல்கின்றன. அவை மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைந்திருத்தலைத் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1664-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அவ்வளையம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

இக்குழாய்களின் கிளையொன்றை இரத்தக்கட்டி அடைத்தல் ஒருவகை. கிளை வெடித்து இரத்தம் கசிதல் மற்றொருவகை. முன்னதே மிகுதி. அடைபட்ட வாய்க்காலின் கீழுள்ள பயிர் காயும். கரை உடைந்த வாய்க்காலின் அருகுள்ள பயிர் மூழ்கும். புறத்தே தோன்றும் குறிகளோ இரண்டற்கும் பெரும்பாலும் ஒன்றே. மருந்து மட்டும் ஒன்றன்று. கட்டியைக் கரைக்கும் மருந்து கசிவுடையார்க்குப் பெருங்கேடாம். ஆகலின் ஸ்கேன் படம் எடுத்துப் பாராமல் மருந்திடல் இயலாது. நாமாகவே வீட்டில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தலும் தகாது. கரைக்கும் மருந்து, குறி தோன்றிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தத் தக்கது. தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய கருவியைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் முறையும் உண்டு. 2015-இல் வெளிவந்த ஆய்வுகள் அதன் பயனை உறுதிப்படுத்தின. அம்முறை சிலர்க்கு 24 மணி நேரம் வரையிலும் உதவும். எனினும் எல்லா ஊர்களிலும் அது கிட்டுவதன்று. எம் பெரிய தந்தையார்க்கு முதலாவது மருந்தின் நேரம் எம் வீட்டுத் திண்ணையிலேயே கழிந்துவிட்டது.

தாய்மார்கள் இதனை மனங்கொள்ள வேண்டும். வாய் கோணல், கை சோர்தல், சொல் குழறல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். உறங்கி எழும்போதே குறி இருப்பின், அவரை நலமுடையவராகக் கடைசியாகக் கண்ட வேளையைக் குறியுங்கள். விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்குமாதலின் வாயில் நீரும் ஊற்றாதீர்கள். சில நிமிடத்தில் எல்லாம் தானே நீங்கினும் அன்றே மருத்துவமனை செல்லுங்கள். பெருந்தாக்கு பின்னால் வருதலுக்கு அது முன்னறிவிப்பாகலாம். இரத்த அழுத்தமே இந்நோய்க்குத் தலையாய காரணம். எம் பெரிய தந்தையார், தலைசுற்றல் நின்றுவிட்டது என்று அழுத்த மாத்திரையைத் தாமே நிறுத்தியிருந்தார் என்பதும் பின்னர்த் தெரியவந்தது.

இனி இரண்டாவது பிழை. எழுத்துக்கள் பிறக்குமிடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினைத் தொல்காப்பியர் வகுத்தார். இதனை ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருகின்றேன். அவ்வெட்டும் இருந்தும் சொல் பிறவாத நிலையொன்று உண்டென்பதை என் வீட்டிற்றான் கண்டேன். பெரிய தந்தையார்க்கு எஞ்சிய சொல் 'இல்லை' என்பது ஒன்றே. 'காப்பி வேண்டுமா?' என்றால் 'இல்லை' என்பார். இடக்கையை நீட்டி வாங்கிக்கொள்வார். யாம் அறிவு போயிற்று என்று முடிவு கட்டினோம். அவர் கட்டிலின் அருகே நின்றுகொண்டே அவருடைய தோப்பைப் பங்கிட்டுப் பேசினோம். அவர் அழுதார். அதனையும் நோயின் குறியென்றே கொண்டோம்.

பின்னர் யான் படித்தறிந்த செய்தி ஒன்று உளது. 1861-இல் பாரிஸ் நகரத்தை அடுத்த மருத்துவமனையொன்றில் லெலோங் என்னும் 84 ஆண்டு முதியவர், தொடையெலும்பு முறிந்து, பால் புரோக்கா என்னும் மருத்துவரிடம் வந்தார். ஒன்றரை ஆண்டிற்கு முன் திடீரென வந்த தாக்கினால் அவர் பேச்சிழந்திருந்தார். ஆம், இல்லை, மூன்று, எப்போதும் என்பவற்றிற்குரிய பிரெஞ்சுச் சொற்களும், சிதைந்த தம் பெயருமாக ஐந்து சொற்களே அவரிடம் எஞ்சியிருந்தன. எண் எதனைக் கேட்பினும் 'மூன்று' என்பதே விடை. மக்கள் எத்தனை பேர் என்றபோது 'மூன்று' என்று சொல்லி நான்கு விரல்களைக் காட்டினார். ஆண் எத்தனை? 'மூன்று' என்று இரண்டு விரல். பெண் எத்தனை? 'மூன்று' என்று இரண்டு விரல். விரல்கள் மெய் கூறின. அவர் சிலநாளில் இறந்தபின் மூளையைச் சோதித்த புரோக்கா, இடப்பக்கத்து முற்பகுதியில் பழுதிருத்தல் கண்டார். இடப்பக்க மூளையே வலக்கையையும் ஆள்வதாகலின், வலப்பக்கம் சோர்ந்தார் பலர்க்குப் பேச்சும் உடன் கெடுகின்றது. கேட்டுணரும் திறனும் சிலர்க்குக் குன்றுவதுண்டு. ஆயினும் சொல் போனமையாலேயே அறிவும் போயிற்று எனல் பிழை.

இதனைப் படித்த அன்று மாலை பெரிய தந்தையாரிடம் சென்று, கீழைத் தோப்பை யார்க்குக் கொடுக்க எண்ணம் என்று, பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சுட்டிக் கேட்டேன். இளையவனைச் சுட்டியபோது 'இல்லை, இல்லை' என்று சொல்லி என் கையைப் பற்றி அழுத்தினார். யாம் பேசி முடித்திருந்ததோ மூத்தவனுக்கு. பத்திரம் பதிவாகாதிருந்தது நல்வினையே.

பேச்சுப் பயிற்சி அளிப்பவரொருவர் இப்பொழுது கிழமைக்கு இருமுறை வருகின்றார். பேச்சிழந்தார் சிலர்க்குப் பாட்டு எஞ்சியிருக்கும் என்று அவர் சொன்னதை யான் முதலில் நம்பவில்லை. சென்ற மாதம் பெரியம்மை விளக்கேற்றித் தேவாரப் பதிகம் ஒன்றைத் தொடங்க, கட்டிலிலிருந்து இவரும் உடன் பாடினார்; முதற் பாட்டு முழுவதும் சொல் பிழையின்றி வந்தது. பாடி முடித்து நா வறண்டவராய், 'இல்லை' என்று சொல்லித் தண்ணீர்ச் செம்பைச் சுட்டிக் காட்டினார்.