காய்ச்சல் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பலாமா?

(மழைக்காலத்தை முன்னிட்டு நம் தொடக்கப்பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். மஃரிபுக்குள் முடித்துவிடுகிறேன். ஃப்ளூ காய்ச்சலைப் பற்றித்தான் இன்று பேச்சு. அதிலும், காய்ச்சல் கண்ட பிள்ளையை நாம் ஏன் வகுப்புக்கு அனுப்புகிறோம், அனுப்பாமல் இருக்க என்ன வழி என்பதைத்தான் முக்கியமாகப் பேச வேண்டும். கை கழுவுவது, வாயைப் பொத்துவது எல்லாம் அதற்கு அப்புறம்.

ஃப்ளூ என்றால் சளிதானே என்று சொல்வோம். சாதாரண ஜலதோஷம் மூக்கில் ஆரம்பித்து மெல்ல மெல்ல வரும். ஃப்ளூ அப்படி இல்லை. காலையில் ஓடியாடிய பிள்ளை மாலையில் உடம்பு கொதிக்கப் படுத்துவிடும். காய்ச்சல், தலைவலி, கை கால் குடைச்சல், இருமல் எல்லாம் ஒன்றாக வரும். சிறு பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேரலாம். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரத்தில் எழுந்து விளையாடப் போய்விடும் என்பதும் உண்மை. ஆனால் எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று ஊரெல்லாம் பேசினோமே, அந்த நோய்க்கு இந்தியாவில் முதலில் உயிரிழந்தது புனே நகரத்தின் 14 வயதுப் பள்ளி மாணவி.

பக்கத்தில் புதுச்சேரியைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் பிள்ளைகளிடம் காய்ச்சல் பரவி, ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசாங்கமே விடுமுறை விட்டது. 2023 மார்ச்சில் மறுபடியும் விட்டது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினால் எல்லாப் பிள்ளைக்கும் படிப்பு போகும். நாலு பிள்ளைகள் நாலு நாள் வீட்டில் இருந்தால் அந்த நாலு பேருக்கு மட்டும்தான் போகும், அதையும் ஆசிரியை சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இது எப்படிப் பரவுகிறது என்று நாள் கணக்கில் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஞாயிற்றுக்கிழமையே மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்திருக்கும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முந்தியே கிருமி வெளியே வருகிறது. ஞாயிறு பள்ளிக்கூடம் லீவு என்று நினைப்போம், ஆனால் நம் மக்தபுக்கு வெள்ளிதான் லீவு. அதே பிள்ளைகள் ஞாயிறு காலை பாயில் நெருக்கி உட்கார்ந்து, ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் சத்தமாக ஓதுகிறார்கள். சத்தமாக ஓதும்போது எச்சில் துளி தெறிக்கும். இருமினால், தும்மினால் ஆறடி வரை போகும். வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு ஒன்றிலிருந்து நாலு நாளில், சராசரியாக இரண்டாம் நாள், காய்ச்சல் அடிக்கும். அது புதன்கிழமைக்குள் அடுத்த வரிசைக்குக் கொடுத்துவிடும். வெள்ளிக்கிழமை ஆசிரியைக்கும் காய்ச்சல்.

காய்ச்சல் தெரிவதற்கு முந்திய அந்த ஒரு நாளை நம்மால் தடுக்க முடியாது. அதற்குப் பிறகு வரும் நாட்கள் நம் கையில் இருக்கின்றன. முதல் மூன்று நாலு நாள்தான் மிக அதிகமாகப் பரவும். சரியாக அந்த நாட்களில்தான் காலை ஏழரைக்குக் காய்ச்சல் மருந்தை ஊற்றி, சட்டையை மாட்டி, பையைத் தோளில் போட்டு அனுப்புகிறோம். ஒன்பது மணிக்குப் பிள்ளை நன்றாக இருக்கும். பதினோரு மணிக்கு மேல் மருந்து இறங்கி, பெஞ்சில் தலை சாயும். பாரசிட்டமால் சூட்டைத்தான் குறைக்கும், பரவுவதை அது நிறுத்தாது.

தாய்மார்களைக் குறை சொல்ல இதைப் பேசவில்லை. ஏன் அனுப்புகிறார்கள் என்று நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து பேசினோம். கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் போனால் அன்றைய வருமானம் போச்சு. வீட்டில் விட்டுப் போக ஆள் இல்லை. பள்ளிக்கு வந்தால் மதியம் சோறு உண்டு. பாடம் போய்விடும் என்ற பயம். இவை நிஜமான காரணங்கள். கடைசியாக ஒன்று, ஒரு நாளும் லீவு போடாத பிள்ளைக்குப் பரிசு என்ற ஆசை. காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையே அழுது அடம்பிடித்துக் கிளம்பிவிடுகிறது.

ஆகவே குழு சில முடிவுகளை எடுத்திருக்கிறது. காய்ச்சலுக்காகப் போடும் லீவு இனி வருகைப் பரிசுக் கணக்கில் சேராது. பெற்றோர் போனில் சொன்னால் போதும், லீவு லெட்டர் பிறகு தரலாம். விட்டுப்போன பாடத்தைப் பிள்ளை திரும்பி வந்ததும் மாலையில் அரைமணி நேரம் இருந்து சொல்லிக் கொடுக்க ஆசிரியைகள் சம்மதித்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு மதியச் சாப்பாடு வேண்டும் என்றால் பள்ளியில் சொல்லுங்கள், பைத்துல்மால் கணக்கிலிருந்து வரும். யார் வீட்டுக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது.

பொய்க் காய்ச்சல் வராதா என்று குழுவில் ஓர் அத்தா கேட்டார். வரும். கணக்குப் பரீட்சை அன்று கட்டாயம் வரும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் நமக்குத் தெரியாதா? உடம்பு முடியாதவருக்கு ஜுமுஆவுக்கே சலுகை இருக்கிறது. இரண்டாம் வகுப்பு வாய்ப்பாட்டுக்குச் சலுகை கொடுக்கலாம்.

எப்போது திரும்ப அனுப்புவது? மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம். "மருந்து கொடுக்காமலேயே" என்பதை மறந்துவிடாதீர்கள். இருமல் இரண்டு வாரம் கூட இழுக்கும், அதற்காக இரண்டு வாரம் வீட்டில் வைக்க வேண்டாம். ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்துக்கொள்கிறோம். பள்ளியில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் உங்களைக் கூப்பிடுவோம். கூப்பிட்டால் எடுக்கிற நம்பரைக் கொடுங்கள். சவூதியில் இருக்கும் அத்தாவின் நம்பர் மட்டும் இருந்தால் நாங்கள் என்ன செய்வது?

வீட்டில் இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். பிள்ளை நாலு நாளில் தேறிவிடும். அது கொண்டுவந்த காய்ச்சல் சர்க்கரை வியாதி உள்ள நன்னிக்கோ, இளைப்பு உள்ள நன்னாவுக்கோ, பிள்ளைத்தாய்ச்சிக்கோ, கைக்குழந்தைக்கோ வந்தால் நிமோனியா வரை போகலாம். பிள்ளை நன்னியோடுதான் படுக்கும் என்று பிடிவாதம் பிடிக்கும். அந்த நாலு நாள் மட்டும் பாயைத் தள்ளிப் போடுங்கள்.

இனி வகுப்பறை. மழை பெய்தால் சாரல் வருகிறது, கொசு வருகிறது என்று எல்லா ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். மின்விசிறி உள்ளே இருக்கிற காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடும். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலை எப்போதும் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறோம், கொசுவலைக் கம்பி அடிக்கும் வேலையும் நடக்கிறது. தண்ணீர் டிரம்மின் மேல் இருந்த பொது டம்ளரை எடுத்துவிட்டோம். ஒவ்வொரு பிள்ளையும் பெயர் எழுதிய பாட்டில் கொண்டு வரட்டும். பென்சிலை வாயில் வைத்துக் கடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கத்தை ஆசிரியைகள் பார்த்துக்கொள்வார்கள், வீட்டிலும் சொல்லுங்கள். பெஞ்சு, கதவுக் கைப்பிடி போன்ற வழவழப்பான இடங்களில் இந்தக் கிருமி ஒரு நாள், இரண்டு நாள் கூட உயிரோடு இருக்கும். அதனால் தினமும் மாலையில் துடைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம்.

ஒளு செய்கிறார்களே, கை சுத்தம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். ஒளுவுக்குத் தண்ணீர் போதும். ஃப்ளூ கிருமிக்கு மேலே கொழுப்பால் ஆன ஓர் உறை இருக்கிறது, அதை உடைக்க சோப்பு வேண்டும். 20 விநாடி தேய்க்க வேண்டும். ஹவுள் பக்கத்திலும் பள்ளிக் குழாயிலும் சோப்பு வைக்கிறோம். பிள்ளைகள் அதை எடுத்து விளையாடுவார்கள், தீர்ந்துபோகும், மறுபடியும் வைப்போம். ஒளு செய்யும் இடத்தில் எல்லோரும் முகம் துடைக்கிற அந்த ஒரே துண்டையும் எடுத்துவிடச் சொல்லி ஹஜ்ரத் ஒத்துக்கொண்டார்கள். தும்மும்போது நபி (ஸல்) அவர்கள் கையாலோ துணியாலோ முகத்தை மறைத்துக்கொள்வார்கள் என்ற ஹதீஸை மக்தபில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உள்ளங்கையில் தும்மினால் உடனே கழுவ வேண்டும். தண்ணீர் பக்கத்தில் இல்லாத வகுப்பில் முழங்கை மடிப்பில் தும்மப் பழக்குங்கள்.

வீட்டு வைத்தியம் பற்றிக் கொஞ்சம். கஞ்சி, ரசம், சுக்குத் தண்ணீர் நல்லதுதான், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் சிறு பிள்ளைக்குக் கொதிக்கிற தண்ணீரை வைத்து ஆவி பிடிக்கச் செய்யாதீர்கள். தண்ணீர் கவிழ்ந்து வெந்துபோனால் காய்ச்சலை விடப் பெரிய துன்பம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் கூடாது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது, மூளையையும் ஈரலையும் பாதிக்கும். பாரசிட்டமால் சிரப் 125 என்றும் 250 என்றும் இரண்டு பலத்தில் கடையில் கிடைக்கிறது. அட்டையைப் பார்த்து, பிள்ளையின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவை மூடியில் அளந்து கொடுங்கள், வீட்டுக் கரண்டியில் வேண்டாம். ஆன்டிபயாட்டிக் ஃப்ளூவுக்கு வேலை செய்யாது. ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்று நம்மில் பலர் நினைப்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

இது டெங்குவும் வரும் பருவம். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வேகமாக மூச்சு வாங்குகிறது, மூச்சிழுக்கும்போது விலா உள்ளே போகிறது, உதடு நீலம் பாய்கிறது, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, வலிப்பு வருகிறது, அல்லது குறைந்த காய்ச்சல் திரும்ப அதிகமாக அடிக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

தடுப்பூசி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஹஜ்ஜுக்குப் புறப்படும் முதியவர்களுக்கு முகாமில் போடுகிறார்களே, அதுதான். ஆறு மாதம் முடிந்த குழந்தை முதல் போடலாம். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதல் வருடம் மட்டும் ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை. அரசாங்கத்தின் இலவச அட்டவணையில் இது இல்லை, வெளியில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். எல்லோராலும் முடியாது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் வீட்டில் சர்க்கரை, இளைப்பு, இருதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இளைப்பு உள்ள பிள்ளைகள், இவர்களுக்கு முதலில் உதவலாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. வாசலில் மேசையில் படிவம் இருக்கிறது. பிள்ளையின் பெயரோடு வீட்டில் இருக்கும் பெரியவர்களின் பெயரையும் வயதையும் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஐந்தாம் வகுப்பு ஆசிரியை எழுதித் தருவார்.

பாங்கு சொல்லப் போகிறார்கள். கேள்வி இருப்பவர்கள் தொழுகை முடிந்ததும் அலுவலகத்துக்கு வாருங்கள், இஷா வரை இருப்பேன்.