கட்டுக்கூலியும் தபாற்கூலியும்

(கிளியனூரில் நம் சங்க அன்பர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியதென்று சிலர் எண்ணக்கூடும். அட்டைப் பெட்டியைப் பற்றிப் பேச ஒரு சபை வேண்டுமோ என்று கேட்கவும் கூடும். ஆயினும், நம் சமூகத்துக் குடும்பங்களிற் பல, முக்கியமாக நம் பெண்மணிகள், இப்போது இணையத்தின் வாயிலாகச் சேலையும் அப்பளமும் மண்பொம்மையும் விற்றுவருகின்றனர். சந்தைக்குப் போகாமலே சரக்கு விலைபோகின்றது. வருஷக் கடைசியிலோ கையில் மிச்சம் காணோம். அது போன வழியைத் தேடினால், பெரும்பாலும் கட்டுக்கூலியிலும் தபாற்கூலியிலும் கரைந்திருக்கக் காண்போம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பொம்மையை 400 ரூபாய்க்கு விற்றதாகவும், மண், விறகு, வண்ணம் இவற்றின் செலவு போக 150 ரூபாய் மிஞ்சுவதாகவும் வைத்துக்கொள்வோம். பெட்டிக்கும் பொதிக்கும் 40 ரூபாய். அனுப்புகூலி நாம் மதித்ததைவிட 90 ரூபாய் கூடிவிட்டது. மிச்சம் 20 ரூபாய். மூன்று நாட் கைவேலைக்கு இதுவா கூலி? விலை சொன்ன பின்பு எடை பார்த்ததால் வந்த வினை இது. எடையும் அளவும் பார்த்த பின்பே விலை சொல்லவேண்டும் என்பதே இன்று நாம் வற்புறுத்த விரும்புவது.

1854-ஆம் வருஷத்துத் தபால் சட்டத்தின்படி, பிரிட்டிஷ் இந்தியா முழுவதும், தூரம் எதுவாயினும், கால் தோலா எடையுள்ள கடிதத்திற்கு அரையணா என்று ஏற்பட்டது. அன்று எடை ஒன்றே கேள்வி. இன்றோ எடை, தூரம், பருமன் ஆகிய மூன்றும் கேட்கப்படுகின்றன.

முதலில் எடை. கூலி படிப்படியாக ஏறுவது. 1-10-2025 முதல், ஆவணங்களுக்குரிய ஸ்பீட் போஸ்ட்டில், உள்ளூர் நீங்கலாக 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட ஊர்களுக்கு 51 முதல் 250 கிராம் வரையில் 59 ரூபாய், 251 முதல் 500 கிராம் வரையில் 70 ரூபாய், வரி தனி. ஒரே ஒரு கிராம் மிகுந்தால் 11 ரூபாய் மிகுகின்றது. சரக்குப் பார்சலுக்குக் கட்டண விகிதம் வேறாயினும், படி ஏறும் முறை இதுவே. ஆதலால் படியின் விளிம்பில் நிற்கும் பொட்டலத்திற்குக் கனத்த அட்டையை விட்டு மெல்லிய உறையைத் தேடுதல் நலம். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதையும் பெரியோர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

அடுத்தது பருமன். கூரியர் நிலையத்தார் பலர், பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரிற் பெருக்கி, 5000-ஆல் வகுத்து, வந்த எண்ணைக் கிலோ எடையாகக் கொள்ளுகின்றனர். மெய்யெடை, பருமனெடை இவ்விரண்டில் எது அதிகமோ, அதற்கே கூலி. 2 கிலோ பொம்மையை 40, 30, 25 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் 6 கிலோவுக்குக் கூலி கொடுக்க நேரும். அதே பொம்மை 30, 20, 20 பெட்டியில் அடங்குமானால் 2.4 கிலோவோடு போயிற்று. வீட்டிற் கிடந்த பெரிய பெட்டி இனாமென்று எடுப்பவர், அதற்குள் அடைபட்ட காற்றுக்குக் கூலி கொடுக்கின்றனர். சேலைக்குப் பெட்டியே வேண்டுவதில்லை. நீர் புகாத உறை போதும்.

ஆனால் சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. கிளியனூருக்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் சுடுமண் வேலை புவிசார் குறியீடு பெற்ற தொழில். அத்தகைய பண்டம் உடைந்து போய்ச் சேருமானால், விலையும் போயிற்று, கூலியும் போயிற்று, நற்பெயரும் போயிற்று. ஆகையால் ஒவ்வொன்றையும் தனித்தனியே காகிதத்திற் சுற்றி, உட்குழிவையும் காகிதத்தால் நிரப்பி, நாற்புறமும் மேலும் கீழும் சுமார் 5 சென்டிமீட்டர் இடம் விட்டு, அதைத் தளர்வின்றி அடைக்கவேண்டும். மூடியபின் குலுக்கினால் ஓசை எழலாகாது. இலேசான பண்டத்திற்கு மூன்றடுக்கு அட்டை, கனத்ததற்கு ஐந்தடுக்கு. உள்ளூருக்கு வைக்கோல் நல்ல பொதி. ஆனால் ஆஸ்திரேலியா முதலிய தேசங்கள், பூச்சியும் விதையும் புகுமென்று அதனை அனுமதிப்பதில்லை. வெளிதேசத்து உறவினருக்கு அனுப்புவோர் காகிதத்தையே கொள்க.

இன்னொரு நஷ்டம், சரக்கு கைக்கு வந்தபின் பணம் என்னும் ஏற்பாட்டால் வருவது. 1877-இலேயே நம் தேசத்தில் வி.பி.பி. என்னும் தபால்முறை ஏற்பட்டது. வாங்குவோருக்கு அது அனுகூலமே. ஆயினும் அவர் மறுத்தால், போகுங்கூலி, வருங்கூலி இரண்டும் பெரும்பாலும் விற்றவர் தலைமேல் விழும். இப்போது யூ.பி.ஐ. வழியாக நொடியிற் பணம் வருகின்றது. முழுத்தொகை இல்லையேல், அனுப்புகூலியையாவது முன்னதாகப் பெற்றுக்கொள்ளுதல் தகும்.

அன்பர்களே! தனித்தனியே இவற்றைச் செய்வது சிரமம்; கூடிச் செய்வது எளிது. நம் சங்கக் கட்டிடத்தில் ஒரு மின்தராசும் ஓர் அளவுநாடாவும் வைப்போம். மூன்றே அளவில் பெட்டிகளை மொத்தமாக வாங்கி, அடக்கவிலைக்கே அங்கத்தினருக்குக் கொடுப்போம். புதிய மொத்த வாடிக்கையாளருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் 100-க்கு 5 வீதம் தள்ளுபடி என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது; அதனைச் சங்கத்தின் பேராற் பெறும் வழியைத் தபால் அதிகாரிகளிடம் விசாரிப்போம். திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே பெருவழியில் அமைந்த இவ்வூருக்குச் சரக்குப் போக்குவரத்து புதிதன்று. கணக்கு ஒன்றே புதிது.

நம் பெண்மக்கள் இரவு விழித்துச் செய்யும் வேலையின் பயன் வெறும் பெட்டியோடு போய்விடாதிருக்க, இதனை இன்றே தீர்மானமாக நிறைவேற்றும்படி வேண்டி, நமது உரையை முடித்துக்கொள்ளுகின்றோம்.