கோணலா இருந்தா என்ன?



நான் 20 வருஷமா ஜாக்கெட் தைச்சவ. போன வருஷம் வலது கையில நடுக்கம் வந்துடுச்சு. ஊசியில நூல் கோர்க்க முடியல. தையல் மெஷின் கடன்ல இன்னும் 7 தவணை பாக்கி. வெக்கப்பட்டுக்கிட்டு குழுக் கூட்டத்துக்கே வராம ஒதுங்கிட்டேன்.

எங்க குழுத் தலைவிதான் வீடு தேடி வந்து, "சும்மாவாவது வந்து உக்காரு"ன்னு துணியில பெயிண்ட் பண்ற பயிற்சிக்கு இழுத்துட்டுப் போனாங்க. எல்லாரும் கார்பன் பேப்பர் வச்சு மயில் வரைஞ்சாங்க. எனக்குக் கோடு விலகி விலகி ஓடுது. வீட்டுக்கு வந்த ஆத்திரத்துல, வீட்டுக்காரரோட பழைய வேட்டியைக் கிழிச்சு, நனைச்சுப் பிழிஞ்சு விரிச்சு, நீலப் பெயிண்டைத் தண்ணியாக் கலக்கிப் பெரிய பிரஷ்ஷால இழுத்து விட்டேன். அது தானாப் படர்ந்து, ஐப்பசி மாச வானம் மாதிரி நின்னுச்சு. கை நடுங்கின இடமெல்லாம் மழைக்கோடு! எத்தனையோ மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சேன்.

இதுக்குப் பழைய பருத்தித் துணிதான் நல்லது. புதுத் துணியில கஞ்சி இருக்கும், பெயிண்ட் சரியாப் பிடிக்காது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, உள்பக்கமா இஸ்திரி போடணும். (இது தெரியாம என் முதல் வானம் வாளித் தண்ணியிலேயே கரைஞ்சு போச்சு.)

இப்ப நான் வரையறேன், மருமக பையாத் தைக்கிறா. கண்காட்சியில 11 பை வித்துச்சு. 2 தவணை கட்டியாச்சு, மிச்சம் 5. ஞாயித்துக்கிழமை வரையறதை மட்டும் விக்க மாட்டேன், அது எனக்கு. யார் வீட்லயாவது பழைய வேட்டி கிடந்தா கொண்டு வாங்க.