கடல் கடந்த ஆசிரியப் பணியும் விசாச் செலவும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழாவில் வாழ்த்திப் பேசுவது மரபு. நானோ பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டும்.

நாட்றாம்பாளையத்திலிருந்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறியவர்களின் பிள்ளைகள் இன்று ஆங்கிலத்தில் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றிருக்கின்றனர். அவர்களுள் சிலர் மாலத்தீவிலும் வளைகுடா நாடுகளிலும் ஆசிரியப் பணி தேடுகின்றனர். தேடட்டும்! ஆங்கிலத்தைத் துணைகொண்டு அயல்நாட்டில் பிழைப்பது நமக்குப் புதிதன்று. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921-இல் தாயகம் திரும்பினார். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார்.

என் கவலை வேறு. என் உறவினர் பெண் ஒருத்தி, வளைகுடாவில் ஆங்கில ஆசிரியை வேலை என்று நம்பி, முகவர் ஒருவரிடம் ஒன்றரை இலட்சம் ரூபாய் கொடுத்தாள். தாயின் நகை அடகுக்குப் போயிற்று. கைக்கு வந்தது சுற்றுலா விசா. "அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்" என்றாராம் அவர். அவள் போகவில்லை, நகையும் மீளவில்லை.

இளைஞர்களே, விசாச் செலவு யாருடையது என்று முதலில் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ பெறக் கூடாது என்று தடுக்கிறது. நம் நாட்டிலும் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற முகவர் பெறக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி. வரியுமே. ரசீது தரவேண்டியது அவர் கடமை. பதிவு எண் சொல்லத் தயங்குகிறவரிடம் நமக்கு என்ன பேச்சு? அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். தமிழக அரசே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அதையும் நாடுங்கள்.

படித்தவர்க்கு ஓர் ஆபத்து உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அது சலுகைதான், ஆயினும் புறப்படுமுன் ஒப்பந்தத்தை அரசு அலுவலர் பார்க்கும் வாய்ப்பும் அதனால் இல்லாமற்போகிறது. ஆகவே சம்பளம், தங்குமிடம், திரும்பும் பயணச் சீட்டு ஆகியவற்றை ஒப்பந்தத்தில் நீங்களே வரிவரியாகப் படிக்க வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர் ஆங்கில ஒப்பந்தத்தைப் படியாமல் கையெழுத்திடலாமா? 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் சிக்கி மீட்கப்பட்டதையும் மறவாதீர்கள்.

நம் கைப்பணம் செலவாகும் இடங்களும் உண்டு. கடவுச்சீட்டுக்கு 1,500 ரூபாய். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம் ஆகியவற்றின் சான்றொப்பம் வேண்டும். அமீரகம் செல்வோர்க்கு அந்நாட்டுத் தூதரகத்தின் ஒப்பமும் வேண்டும். இச்சிறு தொகைக்கும் வட்டிக்கடைக்குப் போகிற பிள்ளைகளை நான் அறிவேன்.

ஆகையால் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விரண்டு செலவுகளுக்கு மட்டும் வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்றைக் கழகம் தொடங்க வேண்டும். விசாவுக்கென்று அதிலிருந்து ஒரு காசும் தர வேண்டா. பெற்றவர் முதல் ஆறு மாதச் சம்பளத்தில் திருப்பித் தரட்டும். என் பங்காக ஐயாயிரம் ரூபாயை இம்மேடையிலேயே பொருளாளர் அவர்களிடம் அளிக்கிறேன்.