புத்தகம் ஒரே நாளில் வரணும்



என் மூத்த மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லை. பிரெயில் வாசிப்பாள். ஆறே புள்ளிதான்; அதை மாற்றி மாற்றி வைத்தால் எல்லா எழுத்தும் வந்துவிடும்.

போன வருஷம் ஜூன் மாசம் எல்லாப் பிள்ளைகளுக்கும் புத்தகம் கொடுத்தாங்க. இவளுக்கும் அச்சுப் புத்தகம் கொடுத்தாங்க. தடவிப் பார்த்துட்டு, "அம்மா, வெறும் தாளா இருக்கு"ன்னு சொன்னாள். பிரெயில் புத்தகம் அரையாண்டுப் பரீட்சை முடிஞ்ச பிறகுதான் வந்தது.

ராத்திரி சமையல் முடிச்சு நானே வாசிச்சுக் காட்டினேன். ஒருத்தியால முடியலை. குழுக் கூட்டத்தில் சொல்லி அழுதுட்டேன். அன்றைக்கு நம்ம அக்காக்கள், "ஆளுக்கொரு பாடம் போனில் வாசிச்சு அனுப்புறோம்"னாங்க.

வாசிக்கும்போது நாங்களும் கற்றுக்கொண்டோம். முதலில் பாடத்தின் பேரும் பக்க எண்ணும் சொல்லணும். "படத்தைப் பார்"னு இருந்தால், படத்தில் இருப்பதை வாயால் விவரிக்கணும். புதுச் சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்லணும். கணக்கு மட்டும் காதால் கேட்டுப் போட முடியலை. அதற்கு பிரெயில்தான் வேணும்.

இப்படிப் பதிவு செய்து கொடுப்பது தப்பில்லை. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் இதை அனுமதிக்கிறது. ஆனால் நாம் வாசிக்கிறோம் என்பதற்காக அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிடாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகமும் கற்றல் பொருளும் இலவசமாகத் தரணும் என்று 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அது தருமம் இல்லை, பிள்ளையின் உரிமை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்க ஊரில் பார்வை இல்லாத, பார்வை குறைந்த பிள்ளை இருந்தால் ஏப்ரல் மாசமே தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுங்க. பிரெயிலா, பெரிய எழுத்தா, ஒலிப்பதிவா என்று பாடவாரியாகக் கேளுங்க. நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்க. குழுத் தீர்மான நோட்டிலும் எழுதி வையுங்க.

இந்த வருஷம் நான் அப்படித்தான் செய்தேன். தமிழும் இங்கிலீஷும் ஜூனிலேயே வந்துடுச்சு. கணக்குப் புத்தகம் இன்னும் வரலை. விடாமல் கேட்டுட்டு இருக்கேன். நீங்களும் கூட வந்து கேட்டால் சீக்கிரம் வரும்.