மின்னூல்: வடிவும் விலையும்



ஊரைவிட்டு வந்த கதையை ஏட்டில் எழுதிப் பெட்டியடியில் வைத்திருக்கும் பெரியவர் நம் குடியிருப்பில் பலர். யானும் அவர்களுள் ஒருவன். அச்சுக்கூலிக்கு அஞ்சி அதனை மின்னூலாக்கினேன். அதில் கற்ற இரண்டைக் கூறி அமைகிறேன்.

முதலாவது, வடிவு. பழைய எழுத்துருவில் தட்டெழுதினேன். பேரனின் கைப்பேசியில் தமிழுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே தோன்றின! ஆதலின் ஒருங்குறியிலேயே எழுதுதல் வேண்டும். படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் இடம் மாறும். எனவே வெற்றிடம் இட்டு வரிகளை நகர்த்தலாகாது.

இரண்டாவது, விலை. அமேசானின் கிண்டிலில் ஆசிரியர் பங்கு நூற்றுக்கு 35 அல்லது 70. இந்திய விற்பனையில் 70 பெற, அவர்கள் வரையறுத்த எல்லைக்குள் விலை வைத்து, மின்வடிவை வேறெங்கும் வெளியிடாது 90 நாள் தவணைக்கு அவர்களிடமே விடல் வேண்டும். கோப்பின் அளவுக்கேற்ப அனுப்புகைக் கட்டணமும் அப்பங்கில் கழியும். ஆகவே படங்களைச் சுருக்குக.

வாங்குவோர் நம் அண்டை வீட்டாரே. ஒருவேளைச் சிற்றுண்டியின் விலைக்கு மேல் வையாதீர்கள். ஏட்டின் எழுத்து மங்குமுன் பெட்டியைத் திறவுங்கள், பேரப்பிள்ளைகள் படிக்கட்டும்.