இரண்டு மருந்து எதற்கு?

குடல்வால் வெடித்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகள் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் இரண்டு?

வயிற்றுக்குள் சிந்தும் கிருமிகள் ஒரே வகை இல்லை. காற்றில் வாழ்பவை உண்டு. காற்றே ஆகாதவையும் உண்டு. முதல் வகைக்கு செஃப்ட்ரியாக்சோன், அடுத்ததற்கு மெட்ரோனிடசோல் என்று ஆளுக்கொரு வேலை.

இன்னொரு ஜோடி விந்தையானது. சில கிருமிகள் பென்சிலின் இன மருந்தை உடைக்கும் நொதியைச் சுரக்கும். கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடும். அதன் காவலில் பென்சிலின் இனத்து அமாக்சிசிலின் கிருமியை முடிக்கும்.

ஆனால் மருந்தையோ நாளையோ கூட்டினால் மட்டும் குணம் கூடிவிடாது. அளந்து பார்க்க வேண்டும். 2015-இல் வெளியான ஸ்டாப்-இட் ஆய்வில் 518 பேர் பங்கேற்றார்கள். வயிற்றுத் தொற்றின் ஊற்றை அடைத்த பிறகு, சுமார் 4 நாள் கொடுத்த மருந்தும் 8 நாள் கொடுத்த மருந்தும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன.

எத்தனை மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நாமாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வீட்டில் மீந்த மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். இன்று காக்கும் மருந்து நாளை நம் பிள்ளைகளையும் காக்க வேண்டும்.